தனக்கோடி பேசிய கேசட்

பெங்களூர்க் கல்லூரிகளில் ஜே.பி.ஈ. என்று ஒரு படிப்பு உண்டு. ஜர்னலிசம், சைக்காலஜி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் பி.ஏ. அதில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் இங்கிலீஷிலேயே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டிலிருந்து போகிற பிரபாவுக்கு அங்கே இடம் கிடைத்ததை அந்தத் தெரு லேசில் நம்பவில்லை. அவள் அம்மா மரகதம், கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை பார்ப்பவள், கல்லூரி அடையாள அட்டையில் மகளின் போட்டோவைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

இரண்டாம் வருடத்தில் வாத்தியாரம்மா ஒருநாள் உண்மையைப் போட்டு உடைத்தார். டிகிரியை மட்டும் நீட்டினால் எந்த ஆபீசிலும் உள்ளே விடமாட்டார்கள், படிக்கும்போதே எங்காவது வேலை பார்த்துச் சொந்தமாக ஏதாவது செய்திருக்க வேண்டும், அதைக் காட்டினால்தான் பேச்சே. வகுப்பில் யாரும் பதறவில்லை. ஒருத்திக்குப் பத்திரிகையில் பெரியப்பா, ஒருத்திக்கு விளம்பரக் கம்பெனியில் அப்பாவின் நண்பர். பிரபாவுக்குப் பெரியப்பா இருந்தார், ஆனால் அவர் சிவாஜிநகரில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவள் ஏறாத படி இல்லை. ஓர் இங்கிலீஷ் தினசரியில் ரிசப்ஷனைத் தாண்டவே விடவில்லை. இன்னொன்றில் உட்காரவைத்து, டூவீலர் இருக்கிறதா, செல்போன் இருக்கிறதா என்று கேட்டார்கள்; இரண்டும் இல்லை என்றதும் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். விளம்பரக் கம்பெனி ஒன்று ஒரு மாதம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கவைத்து, கடைசியில் அந்த இடத்தில் டைரக்டரின் மச்சினியை உட்காரவைத்தது. புதிதாக வந்திருந்த எஃப்.எம். ரேடியோவில் குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கிலீஷில் தமிழ் வாடை அடிக்கிறது என்றார்கள். அந்த வாடை போக என்ன போட்டுக் குளிக்க வேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்காமல் வந்தாள். இப்போது நினைத்தாலும் கேட்டிருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

கடைசியில் அவளைச் சேர்த்துக்கொண்டது அல்சூர் மதலைமுத்துதான். கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ, ஒரு டிஜிட்டல் கேமரா, ஓர் எடிட் மெஷின், மூச்சிரைக்கும் ஓர் ஓம்னி வேன். அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

“டிவி ஸ்டேஷன்ல ஆறு வருஷத்துல கத்துக்கிறத நம்மகிட்ட ஆறே முகூர்த்தத்துல கத்துக்கலாம்மா” என்றார். 

அவர் சொன்னதில் பாதி நிஜம். ஆனால் பிரபா கற்றுக்கொண்டது லைட் பிடிக்கவும் கேசட் மாற்றவும்தான். கேமராவில் கண்ணை வைத்துவிட்டால் மதலைமுத்து உலகத்தை மறந்துவிடுவார். கேசட் தீரும்போது திரும்பிப் பார்க்கமாட்டார், இடது கையை மட்டும் பின்னால் நீட்டுவார். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு நர்ஸ் கத்தியை வைப்பதுபோல அந்தக் கையில் அவள் புதுக் கேசட்டை வைக்க வேண்டும். வேலையில் அவர் வைத்திருந்த வேதவாக்கு ஒன்றே ஒன்று: “மத்தது எது போனாலும் போவட்டும், தாலி விழணும்.” கேமராவில் பதிவதைத்தான் அவர்கள் விழுவது என்பார்கள். தாலி கட்டுவதைத் தவறவிட்ட ஒரு வீடியோக்காரரைப் பெண்ணின் அண்ணன்மார்கள் மண்டபத்து வாசலிலேயே கேமராவோடு புரட்டி எடுத்த கதையை அவர் அடிக்கடி சொல்வார். அந்த வீடியோக்காரர் அவரேதானோ என்று பிரபாவுக்குச் சந்தேகம்.

ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, கேமராவுக்கு லீவு. எடிட் மெஷினை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு மதலைமுத்து வேளாங்கண்ணிக்குக் கிளம்புவார். அந்த ஆடியில் பிரபா அவரிடம் ஒன்று கேட்டாள். சம்பளம் வேண்டாம், ஆடி முழுக்கக் கேமராவை மட்டும் கொடுங்கள்.

“என்ன எடுக்கப்போறே?”

“தெரியலண்ணா. எனக்குன்னு ஏதாவது எடுக்கணும்.”

அவர் கேமராப் பையை அவள் தோளில் மாட்டி, “கீழ போட்டே, நானும் விழுந்துடுவேன்” என்றார். நல்ல மனிதர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது கைகாட்டினால் பிரபாவுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், ஆனால் அப்படி ஒருவரும் அவள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

என்ன எடுப்பது என்பதை இரண்டே வாரத்தில் மரகதத்தின் கம்பெனி முடிவுசெய்தது. ஒரு திங்கட்கிழமை காலை பெண்கள் டிபன் கேரியரோடு போய் நின்றால் கேட்டில் பூட்டு. நோட்டீஸ் இல்லை, சூப்பர்வைசர் இல்லை, வாட்ச்மேனுக்கே ஒன்றும் தெரியவில்லை. மரகதம் பெட்டிக்கடையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அழுதாள். பிரபா கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே வெயிலில் நின்றிருந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவளைக் குழந்தையிலிருந்து தெரியும். வெளி ஆளாயிருந்தால் முந்தானையை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். மரகதத்தின் மகள் என்பதால் நின்றார்கள். முதலில் முகத்தை மூடிக்கொண்டு பேசினார்கள். அப்புறம் தனக்கோடி முன்னால் வந்தாள். மரகதத்தின் வரிசையில் மெஷின் ஓட்டுகிறவள், வாய் நீளம், புருஷன் விட்டுவிட்டுப் போய் இரண்டு பெண்களைத் தனியாக வளர்க்கிறவள்.

“மூஞ்சிய எதுக்குடி மூடிக்கிறீங்க? நாமளா திருடினோம்?” என்று மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்தாள். “எழுது பாப்பா... எழுதுன்றேன், எடு. ஒண்ணுக்குப் போவறதுக்கு டோக்கன் குடுப்பானுங்க எங்களுக்கு. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு. டோக்கன் தீந்துட்டா அடக்கிக்கினு தைக்கணும். மாசமா இருக்கிற பொண்ணுக்கும் அதே ரெண்டு டோக்கன்தான். நாங்க தச்ச சட்டை அமெரிக்காவுக்குப் போவுதாமே, போட்டுக்கிறவங்களுக்கு இது தெரியட்டும்.”

அவள் பேசியதைப் பார்த்து மற்றவர்களும் முந்தானையை எடுத்தார்கள். ஒருத்தி சிறுநீரகத்தில் கல் வந்த கதையைச் சொன்னாள், ஒருத்தி மெஷினிலேயே ஈரமாகிப்போன கதையைச் சொல்லிவிட்டுச் சிரித்து, சிரிப்பிலேயே அழுதாள். பிரபாவின் கையில் கேமரா ஆடவில்லை. இத்தனை நாள் லைட் பிடித்ததற்குப் பலன் அதுதான். கடைசியில், வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொருவரையும் நேராக நிற்கவைத்துப் பெயரும், எத்தனை வருடமாக வேலை என்பதும் சொல்லச் சொன்னாள். எடிட் செய்யும்போது திரையில் பெயர் போட அது வேண்டும். கேமராவுக்குள் நாற்பது நிமிடம் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து கேமராவின் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தபோது, தான் ஜே.பி.ஈ. படிப்பது கம்ப்யூட்டர் செய்த பிழை அல்ல என்று முதல் தடவையாக அவளுக்கு நிச்சயமாயிற்று.

கம்பெனி பத்து நாளில் வேறு பெயரில், ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம் வேறு ஷெட்டில் திறந்தது. பழைய பெண்களுக்கு ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். எந்தக் குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் வேலை. விடியும் முன்னே கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், மரகதமும் போட்டாள். போட மாட்டேன் என்று தனக்கோடியும் சொல்லவில்லை, ஆனால் அவளைக் கூப்பிடவே இல்லை. கேமராவில் வாய் கிழியப் பேசியவள் யார் என்று அன்று கேட்டுக்கு உள்ளிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள்.

பிரபா அவள் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“அத்த உடு பாப்பா” என்றாள் தனக்கோடி. “போவட்டும். டிவில வரட்டும், அப்ப தெரியும் அவனுங்களுக்கு. எப்ப வரும்?”

அன்றிலிருந்து அந்தக் கேசட் பிரபாவின் கழுத்துச் சுமையாயிற்று. மதலைமுத்துவின் ஸ்டூடியோவில் பெயர் ஒட்டாத கேசட்டைப் பார்த்தால் அவர் அதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார், ஒரே கேசட்டில் நாலு கல்யாணம் எடுக்கிற சிக்கனம். அங்கே வைக்க அவளுக்குப் பயம். வீட்டில் மழைக்கு ஒழுகும். அதனால் தோள்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். கேசட்டின் முதுகில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் பதியும், மறுபக்கம் தள்ளினால் பதியாது. தாழைப் பதியாத பக்கம் தள்ளி, அதற்கு மேலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டினாள். இன்னொரு காரியமும் செய்தாள். கேசட்டை யாரிடம் கொடுப்பதானாலும் ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது வகுப்பில் போதித்த முதல் ஒழுக்கம். சுற்றி வைத்தாள். நல்ல மாணவி அல்லவா.

ஆவணி பிறந்த முதல் வாரம், சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ்ச் சேனல் பெங்களூரில் புது ஆபீஸ் திறக்கிறது, தமிழும் கன்னடமும் தெரிந்த ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கிறது, படித்துக்கொண்டே பார்க்கலாம் என்று வாத்தியாரம்மா சொன்னார். பிரபா போன் போட்டாள். ஆபீஸ் தலைவர் சீனிவாசராகவன் எடுத்தார்.

“மார்க்‌ஷீட், பயோடேட்டா ஒண்ணும் வேண்டாம்மா. நீயே சொந்தமா பண்ணினது ஏதாவது இருக்கா? இருந்தா திங்கக்கிழமை கேசட்டோட வா. திங்கக்கிழமையோட முடிச்சுடறேன்.”

“இருக்கு சார்” என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அத்தனை படிகள் ஏறி இறங்கியிருந்தாள். தமிழ் வாடை கேட்டு மூக்கைச் சுளிக்காத ஒரே ஆபீஸ் இந்த ஊரில் இதுதான்.

எடிட் மெஷின் ரிப்பேரிலிருந்து வந்துவிட்டது. ஞாயிறு காலை ஒரு முகூர்த்தம், அது முடிந்ததும் மதியத்திலிருந்து மெஷின் அவளுக்கு என்று மதலைமுத்து வாக்குக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் நாற்பதைப் பத்து நிமிடமாக வெட்டி, இன்னொரு கேசட்டில் பிரதியும் எடுத்துவிடலாம். கல்யாண மண்டபத்திலிருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போகிற திட்டம். கேசட் தோள்பையில்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஒரு மளிகை மொத்த வியாபாரி வீட்டினுடையது. மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பிரபாவின் மனது முழுக்கத் திங்கட்கிழமையில் இருந்தது. வேனிலிருந்து லைட்டை இறக்கினாள், ஸ்டாண்டை இறக்கினாள், கேபிளை இறக்கினாள். புதுக் கேசட்டுகள் இருந்த டப்பாவைச் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள். கைவசம் இருந்தது கேமராவில் போட்டது ஒன்றும், சட்டைப்பையில் மதலைமுத்து வைத்திருந்தது ஒன்றும்தான்.

பெண்ணின் தாய்மாமன் தன் சீர்வரிசையைத் தட்டுத் தட்டாக எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் நின்று சிரித்தார். கேசட் கரைந்தது. இரண்டாவது கேசட்டைப் போட்டால் அது டேப்பை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு நின்றது. நாலு கல்யாணம் பார்த்த கேசட், பாவம், அதற்கும் அலுத்துப்போய்விட்டது. மதலைமுத்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேடையை நோக்கித் திரும்பினார். ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அட்சதைத் தட்டு கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் இடது கை நீண்டது.

பிரபா வாசலுக்கு ஓடினாள். வேன் இல்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆட்களைக் கூட்டிவர டிரைவர் எடுத்துப்போயிருந்தார். திரும்பி ஓடி வந்தாள். அந்தக் கை இன்னும் நீண்டபடியே இருந்தது, விரல்கள் மட்டும் அவசரமாக ஆடின.

“அண்ணா, கேசட் வேன்ல போயிடுச்சு!”

“குடும்மா, குடு!”

“அண்ணா, எங்கிட்ட இருக்கிறது என்னோடது—”

நாதஸ்வரமும் தவிலும் அவள் வாயை அடைத்தன. ஐயர் கையைத் தூக்கி, கெட்டிமேளம் என்று கத்திவிட்டார். தாலி தேங்காயின் மேலிருந்து மாப்பிள்ளை கைக்குப் போயிற்று. மணப்பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, வேர்த்த மூக்கைத் துடைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிரபா பைக்குள் கையை விட்டாள். பிளாஸ்டரைப் பல்லால் கிழித்தாள். தாழை நகத்தால் பதியும் பக்கம் தள்ளினாள். நீண்ட கையில் வைத்தாள்.

ஏன் கொடுத்தாய் என்று பிறகு அவள் தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. டப்பாவை விட்ட தப்பு அவளுடையது, அதனால் ஒரு பெண்ணின் தாலி விழாமல் போகக்கூடாது என்று நினைத்தாள், உண்மைதான். மதலைமுத்துவை நாலு பேர் சேர்ந்து அடிப்பார்கள் என்று பயந்தாள், அதுவும் உண்மைதான். ஆனால் இரண்டையும் விடப் பெரிய உண்மை, நீட்டின கையில் வைத்து வைத்து அவள் கை பழகிப்போயிருந்தது. வேலை கேட்டுப் படியேறிய ஒவ்வோர் இடத்திலும் கேட்டதைக் கொடுத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றாமல் விட்டிருந்தால், தனக்கோடி பேசி முடித்த இடத்துக்கு அப்புறம் இருபது நிமிடக் காலி இடத்தில் அந்தத் தாலி சுகமாக விழுந்திருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் அவளால் இன்றுவரை தன்னை மன்னிக்க முடியவில்லை.

மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை மழை பொழிந்தது. “எடுத்துடுங்கண்ணா, போதும், எடுத்துடுங்க” என்று மதலைமுத்துவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். கை பிடித்து மணவறையைச் சுற்றுவது, அம்மி மிதிப்பது, பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பது, எதையும் விடவில்லை மனிதர், நன்றாகவே எடுத்தார். வேன் வந்ததும் புதுக் கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேராக ஆட்டினாள்.

“நல்லா போயினுக்கீதும்மா, நடுவுல மாத்தச் சொல்றியே, தலை கெட்டுப்போச்சா?” என்றார் கண்ணை எடுக்காமல்.

அதற்குமேல் அவள் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஒவ்வொருத்தியாக அழிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இப்போது சிறுநீரகக் கல்காரி போயிருப்பாள், இப்போது மெஷினில் ஈரமானவள் போயிருப்பாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் யார் அழுதாலும் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். பெண்ணின் சித்தி ஒருத்தி வந்து அவள் கையில் தாம்பூலப் பை கொடுத்துவிட்டுப் போனாள்.

மதியம் ஸ்டூடியோவில் விஷயம் தெரிந்ததும் மதலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னேண்ணா.”

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதுபோல, “அடுத்த முகூர்த்தத்துலேர்ந்து ரெண்டாவது கேமரா நீ எடு. வாடகைக்கு ஒண்ணு வாங்கிடலாம். சம்பளமும் ஏத்திடறேன்” என்றார். ஒரு வருடமாக அவள் காத்திருந்த பேச்சு அது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கேசட்டை ஓட்டிப் பார்த்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் கல்யாணம். அப்புறம் படம் ஒரு நொடி குதித்து, பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கேட்டும் வெயிலும் வந்தன. கடைசி ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. பெயர் சொல்லும் இடம்.

திங்கட்கிழமை அந்தக் கேசட்டோடுதான் போனாள். வேறு என்ன இருக்கிறது. சீனிவாசராகவன் தலை நரைத்த, மெல்லப் பேசுகிற மனிதர். அவர் ஆபீசில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சுவரோரம் இன்னும் மூன்று பேர் மடியில் கேசட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பெயர் சொல்லும் ஐந்து நிமிடத்தையும் முழுக்கப் பார்த்தார்.

“என் பேரு தனக்கோடி. மெஷின் டெய்லரு. ஒம்போது வருஷம்” என்றாள் திரையில் தனக்கோடி. பிறகு கேமராவைத் தாண்டிப் பார்த்து, “போதுமா பாப்பா? நல்லா வந்துச்சா?”

“இவங்க என்ன சொன்னாங்க?” என்றார் சீனிவாசராகவன்.

பிரபா டோக்கன் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அது சுருங்கிக்கொண்டே போனது. தனக்கோடி சொன்னபோது நெஞ்சை அடைத்த கதை, பிரபாவின் வாயில் வெறும் தகவலாக இருந்தது.

“நீ பொய் சொல்லலேன்னு எனக்குத் தெரியறது. ஆனா நீ சொன்னா அது செய்தி இல்லம்மா, அவா சொல்லணும். மறுபடி எடுத்துண்டு வர முடியுமா?”

“முடியாது சார். எல்லாரும் கையெழுத்து போட்டுட்டாங்க. பேசினா வேலை போயிடும்.” எங்க அம்மாவுக்கும் என்று சொல்ல வந்து விழுங்கினாள்.

“இந்தம்மா?”

“அவங்களுக்கு ஏற்கெனவே போயிடுச்சு சார்.”

“அப்ப இவங்க பேசலாமே?”

பிரபாவுக்கு ஒரு நிமிடம் பளிச்சென்றது. உடனே அணைந்தது. கேட்டுக்கு வெளியே நாற்பது பெண்கள் நடுவில் நின்று ஒருத்தி பேசுவது வேறு. வேலை போன ஒருத்தி தனியாக வீட்டில் உட்கார்ந்து, இல்லாத கம்பெனியைப் பற்றிப் பேசுவது வேறு. கம்பெனிக்காரன் ஒரே வார்த்தையில் வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடுவான். அவருக்கும் அது புரிந்துவிட்டது. கேசட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுக்குமுன் அதை ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்தார்.

“அடுத்த வருஷம் ஏதாவது எடுத்துண்டு வா” என்றார். சுவரோரம் இருந்தவர்களில் ஒருவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அன்றைக்கு என்று கிடைத்தது. அல்சூர் ஏரி வந்து போனதைக்கூட அவள் பார்க்கவில்லை.

வீட்டில் மரகதம் வந்திருக்கவில்லை, அத்திபெலேயிலிருந்து வேன் திரும்ப இருட்டிவிடும். வாசலில் தனக்கோடி நின்றிருந்தாள். இன்றைக்கு பிரபா டிவி ஆபீசுக்குப் போகிறாள் என்று மரகதம் சொல்லியிருக்கிறாள். தலை வாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், சின்ன மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

“இன்னா பாப்பா, காட்டினியா? இன்னா சொன்னாங்க? எப்ப போடுவாங்களாம்?”

பொய் சொல்லலாம் என்றுதான் பிரபா வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் என்று சொல்லலாம், அதற்கடுத்த மாதம் என்று சொல்லலாம். அந்தப் புடவையைப் பார்த்த பிறகு முடியவில்லை. சொன்னாள். டப்பாவை விட்டதிலிருந்து நகத்தால் தாழைத் தள்ளியது வரை சொன்னாள். அழாமல் சொல்ல நினைத்தாள், பாதியிலேயே உடைந்துபோனாள்.

தனக்கோடி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள்.

“நான் பேசினது?”

“இல்லக்கா.”

“டோக்கன் சமாச்சாரம்?”

“எல்லாம் போயிடுச்சுக்கா. கடைசில பேரு சொன்னீங்களே, அது மட்டும் இருக்கு.”

“பேரா?” என்றாள் தனக்கோடி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிரபா தாங்கியிருப்பாள். “என் பேரு அவனுங்ககிட்டயும்தான் கீது பாப்பா. அத்த வச்சுத்தானே என்னை எடுக்கல.”

குழந்தை பிரபாவின் தோள்பையை இழுத்துப் பார்த்தது. உள்ளே இருந்த தாம்பூலப் பையில் தேங்காய் உருண்டது. தனக்கோடி குழந்தையின் கையை விலக்கி, மறுபடி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். படி இறங்கப்போனவள் நின்றாள்.

“அந்தப் பொண்ணுக்குத் தாலி கட்டினது? அதாவது நல்லா விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா” என்றாள் பிரபா.

“ஆங்” என்றாள் தனக்கோடி. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருக்குழாயடியில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டி, தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.